பத்து விநாடி அவகாசம்

கிளைபேடாவில் சனவரி. இரவு இரண்டே கால்.
வட்டு தொண்ணூற்றேழு விழுக்காடு நிறைந்துவிட்டதென்று
கைப்பேசி உலுக்கி எழுப்பியது.
இரவு உடையின் மேலேயே கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு
சமையலறை மேசையில் உட்கார்ந்தேன்.
கறுப்புத் திரை. ஒற்றைக் குறி இமைக்கிறது,
சொல், என்ன வேண்டும் என்பதுபோல.

ஓடுபவை மட்டுமல்ல, எல்லாவற்றையும் காட்டு என்றேன்.
இருநூற்றுப் பதினாறு கொள்கலன்கள்.
ஓடுபவை ஒன்பது. மற்றவை
பந்தி முடிந்தும் இலையை விட்டு எழாதவை.
வெளியேறியது, வெளியேறியது, வெளியேறியது
என்று ஒவ்வொன்றின் எதிரிலும் எழுதியிருக்கிறது.
வெளியேறியது ஏன் இன்னும் இங்கே இருக்கிறது
என்று மட்டும் கேட்கக் கூடாது.

உருவாக்கியவர் பெயர் வைக்க மறந்தால்
இயந்திரமே வைத்துவிடும்,
கண்ணை மூடி அகராதியில் விரல் வைத்து:
சிடுசிடு ஆந்தை.
வெட்கப்படும் கோடாலி.
அதற்கும் மேலே, எண்ணும் எழுத்துமாக
அறுபத்துநான்கு இடம் நீளும் அடையாளம்.
முழுதும் சொல்ல வேண்டாம்.
முதல் மூன்றைச் சொன்னாலே திரும்பிப் பார்க்கும்.

நின்றுபோனவற்றை அள்ளிக் கொட்ட ஒரு வரி போதும்.
நிச்சயம்தானா என்று ஒருமுறை கேட்டது.
ஆமாம் என்பதற்கு ஓர் எழுத்து.
இருநூற்றேழும் போயின.
மீண்ட இடம் இவ்வளவு என்று
சில்லறையை எண்ணி வைப்பதுபோல் சொன்னது.
போதவில்லை.

ஓடும் ஒன்பதில் எட்டு எனக்குப் பழக்கம்:
பயணச்சீட்டு, படகு நேரம், சம்பளக் கணக்கு, இப்படி.
ஒன்பதாவது, தூங்காத நத்தை.
அறுநூற்றுப் பதினோரு நாளாக ஓடுகிறது.
ஓடவிட்டவன் வைடோடஸ்.
இப்போது கவுனஸில், ஏதோ வங்கியில்;
அழைத்தால் எடுப்பதில்லை.
பதிவேட்டில் நாளுக்கு ஒரே வரி:
மணி நான்கு. அனுப்பியாயிற்று.
யாருக்கு, எதை, மூச்சே இல்லை.
இந்த ஒரு வரிக்கு
இருபது ஜிகாபைட் பிம்பம்.

ஓடிக்கொண்டிருப்பதை அழி என்றால் மறுத்துவிடும்.
கட்டாயப்படுத்த ஒரு கொடி உண்டு,
அதை நான் தொடுவதில்லை.
நிறுத்து என்றால்
முதலில் மரியாதையாகச் சொல்லிப் பார்க்கும்:
கையில் இருப்பதைக் கீழே வை, கிளம்பு.
பத்து விநாடி அவகாசம்.
பிறகு பேச்சில்லை.

நத்தை பத்தையும் எடுத்துக்கொண்டது.
எண்ணினேன்.
சன்னலுக்கு வெளியே, துறைமுக விளக்கில்,
பாரந்தூக்கி ஓர் இரும்புக் கொள்கலனை
அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தது.
அதற்கு ஓர் அவசரமும் இல்லை.

நிறுத்திவிட்டு மூன்று நாள் காத்திருப்போம்.
யாராவது கத்தினால் திரும்ப ஓடவிடலாம்.
வெள்ளி, சனி, ஞாயிறு. யாரும் கத்தவில்லை.
அந்த மூன்று நாளும் புயல்,
படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன.
அதை நான் யோசிக்கவில்லை.
திங்கள் காலை, அழி என்றேன்.
அழித்துவிட்டு அதன் பெயரை ஒருமுறை சொன்னது.
அவ்வளவுதான் இரங்கல்.

செவ்வாய், ஐந்து மணிக்குத் தொலைபேசி.
படகுத்துறைக் கடை ஜெனோவைதே.
"ஜொலீதா, இன்றைக்கு எத்தனை பேரென்று
யாரும் சொல்லவில்லையே.
நான் எத்தனை கிபினாய் சுடுவது?"

ஆட்டுக்கறி மீந்து வீணாகிறதென்று
என்றோ அவர் கல்லாவில் நின்று புலம்பியிருக்கிறார்.
காப்பிக்கு வரிசையில் நின்ற வைடோடஸ்
அன்றிரவே உட்கார்ந்து எழுதியிருக்கிறான்:
முதல் மூன்று படகுகளின் முன்பதிவைக் கூட்டி
நாள்தோறும் நான்கு மணிக்கு
அவர் கைப்பேசிக்கு ஓர் எண்.
வெறும் எண்.
எங்களிடம் சொல்லவும் இல்லை,
எங்கும் குறித்து வைக்கவும் இல்லை.
திட்டினேன் அவனை, மனதுக்குள்,
பாதி திட்டு எனக்கே வந்து சேர்ந்தது.

கொள்கலன் போனாலும்
அது சேமித்தது கூடவே போய்விடாது;
அதையும் அழி என்று தனியே சொல்ல வேண்டும்.
நான் சொல்லவில்லை.
அக்கறை அல்ல, தூக்கக் கலக்கம்.
உள்ளே அப்படியே இருந்தன
இருபது வரி நிரலும் ஒரு தொலைபேசி எண்ணும்.
சின்னதாய் ஒரு பிம்பம் கட்டி எழுப்பினேன்.
இந்த முறை பெயரை நான் வைத்தேன்: கிபினாய்.

ஆனால் அன்று காலை
அவசரத்தில் குத்துமதிப்பாக நூற்று நாற்பது என்றிருந்தேன்.
வந்தவர்கள் அறுபத்தொன்று.
மீந்தவை மதியத்துக்குள் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டன,
பெரிய தகரப் பெட்டியில், ஆவி பறக்க.
மூடியில் மாவு விரலின் கையெழுத்து:
காலி செய்ததும்
பெட்டியைத் திருப்பி அனுப்பவும்.